ஆறு கேள்வி, ஆறு கட்டம்

1948 மே 22, சனிக்கிழமை இரவு. அமெரிக்க வீடுகளில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. ரால்ஃப் எட்வர்ட்ஸ் என்ற அறிவிப்பாளர், பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனை நேயர்களுக்கு அறிமுகம் செய்கிறார். பெயர் ஜிம்மி என்கிறார்; அது அவன் சொந்தப் பெயர் இல்லை. பையனுக்குப் புற்றுநோய், ஆனால் அது அவனுக்குத் தெரியாது என்றும் சொல்கிறார். அப்புறம் அவனிடமே பேச்சுக் கொடுக்கிறார். எந்த பேஸ்பால் அணி பிடிக்கும்? பாஸ்டன் பிரேவ்ஸ். கொஞ்ச நேரத்தில் அந்த அணியின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் வருகிறார்கள். பையன் அபசுரமாகப் பாடுகிறான், அவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள். ஆட்டம் பார்க்க அவனுக்கொரு டெலிவிஷன் பெட்டி வாங்க வேண்டும், குழந்தைகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும் என்று வேண்டுகோள். கேட்டது 20,000 டாலர். வந்து குவிந்தது 2,00,000 டாலருக்கு மேல்.

கடல் முதல் கடல் வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கட்டிலில் இருந்தவனுக்கு மட்டும் தெரியாது.

இதில் யாருக்கும் தப்பாக எதுவும் படவில்லை. அன்றைய வழக்கம் அது. 1961இல் சிகாகோ ஆஸ்பத்திரி ஒன்றின் மருத்துவர்களிடம் டொனால்ட் ஓகன் விசாரித்தார். ஏறக்குறைய 90 சதவீதம் பேர், புற்றுநோய் என்ற சொல்லை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். அதுவும் பெரியவர்களிடம். பிள்ளைகளிடம் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. காரணம் கேட்டால் ஒரே பதில்: சொன்னால் நம்பிக்கை போய்விடும். அந்த நம்பிக்கையைப் பூட்டி வைத்துச் சாவியை டாக்டரும் பெற்றோரும் இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

உள்ளதைச் சொன்னால், அவர்களிடம் கொடுப்பதற்கும் அதிகம் இருக்கவில்லை. அதே பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். 10 பேருக்குக் குணம் தெரிந்தது என்று 1948 ஜூனில் எழுதினார். குணம் என்றால் தற்காலிகம்தான். மாதக் கணக்கில் தள்ளிப்போடுவது. அந்த மருந்து வந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஜிம்மி ரேடியோவில் பேசிய மூன்றாம் மாதமே அவர் இறந்துபோனார். அவர் காலத்து மருந்துகளில் ஒன்றான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் வார்டுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் அளந்தது எதை என்றால், வெள்ளை அணுக்களை, எலும்பு மஜ்ஜையை, இன்னும் எத்தனை வாரம் என்பதை. பிள்ளையின் மனசை அளக்கும் எண்ணம் 1970ஐ ஒட்டித்தான் வந்தது. அப்போதும் நேராகக் கேட்கவில்லை, சுற்றி வளைத்துத்தான் கேட்டார்கள். யூஜீனியா வேக்டர் என்ற செவிலியர் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். உயிருக்கே ஆபத்தான நோய் இருந்த 16 பிள்ளைகளில் பெற்றோரோடு சாவைப் பற்றிப் பேசியிருந்தவர்கள் இரண்டே பேர். ஆனால் அந்த 16 பேரும் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் சாவு எட்டிப் பார்த்தது.

ஜான் ஸ்பினெட்டா செய்த சோதனைதான் என்னால் மறக்க முடியாதது. ஆஸ்பத்திரி அறையைப் போலவே ஒரு பொம்மை அறை செய்தார்கள். கட்டிலில் ஒரு பிள்ளைப் பொம்மை. கூடவே அம்மா, அப்பா, நர்ஸ், டாக்டர் பொம்மைகள். இவர்கள் எங்கே நிற்பார்கள், நீயே வை என்று பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டார்கள். ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள், வேறு நீண்ட நாள் நோயுள்ள பிள்ளைகளைக் காட்டிலும் அந்தப் பொம்மைகளைக் கட்டிலிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தார்கள். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அந்த இடைவெளி இன்னும் கூடியது. பேசாத வீட்டில் பிள்ளை எவ்வளவு தனியாக இருக்கிறது என்பதற்கு முதல் அளவு அதுதான்: பொம்மைக்கும் கட்டிலுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர்.

1978இல் மைரா ப்ளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் வெளியிட்ட நூல் மிச்சத்தையும் உடைத்துப் போட்டது. மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளோடு வார்டிலேயே உட்கார்ந்திருந்து எழுதியது. எந்த மருந்துக்கு வாந்தி வரும், எந்த மருந்துக்கு முடி கொட்டும், நோய் திரும்பி வந்தால் என்ன ஆகும், எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லிக் கொடுத்தது பக்கத்துக் கட்டில். தெரியும் என்று காட்டிக்கொண்டால் அம்மா அழுவாள் என்பதால் தெரியாததுபோல் இருந்தார்கள். பெரியவர்கள் பிள்ளையைக் காப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, பிள்ளைகள்தான் பெரியவர்களைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் மருந்தின் கதை மாறிவிட்டது. ரத்தப் புற்றுநோயிலேயே பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகையில், 1962இல் நூற்றுக்கு நான்கு பேர் பிழைத்தாலே பெரிது. அந்த ஆண்டு மெம்ஃபிஸில் திறந்த செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில் டொனால்ட் பிங்கல் பல மருந்துகளையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பத்தாண்டுக்குள் பாதிப் பேர் பிழைத்தார்கள். இன்று அமெரிக்காவில் 90 சதவீதத்துக்கு மேல். இந்தியாவிலும் 1980களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. அதுவரை ஐந்தில் ஒரு பிள்ளை பிழைத்த இடத்தில், பாதியை ஒட்டிப் பிழைக்க ஆரம்பித்தது. ஜிம்மியும் பிழைத்துவிட்டார். அவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார் என்றுதான் ஐம்பது வருஷம் பலரும் நினைத்திருந்தார்கள். 1998இல் ஐனார் குஸ்டாஃப்சன் என்ற லாரி டிரைவர் முன்னே வந்து, நான்தான் அந்தப் பையன் என்றார். அப்போது அவர் தாத்தா ஆகியிருந்தார்.

பிழைப்பான் என்று சொல்ல வாய் வந்த பிறகுதான் உனக்கு என்ன தோன்றுகிறது என்று பிள்ளையைக் கேட்கத் துணிவும் வந்தது. இது என் கணிப்பு. மனசாட்சி வந்து திருந்தினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கென்னவோ மருந்து வந்து திருந்தினோம் என்றுதான் படுகிறது. வந்த துணிவும் அரைத் துணிவு. 1983இல் ஆலன் காஸ்டினும் அவரோடு சேர்ந்தவர்களும் பிள்ளைகளுக்காக 17 வரிகளில் செய்த அளவுகோல், நம்பிக்கையின்மையை அளப்பது. புற்றுநோய்க்கென்று செய்ததும் இல்லை, மனச்சோர்வுக்குச் செய்தது. அதில் குறைந்த மதிப்பெண் வாங்கினால் விரக்தி இல்லை என்று தெரியும். நம்பிக்கை இருக்கிறதா என்று தெரியாது.

அதைக் கேட்டவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்து சி.ஆர்.ஸ்னைடர். நம்பிக்கைக்கு இரண்டு கால்கள் என்றார் அவர்: ஒன்றை அடைய வேண்டும் என்கிற முனைப்பு, அடைவதற்கு வழி தேடத் தெரிந்திருப்பது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று நம் பாட்டிகள் சொன்னதுதான். ஆனால் பாட்டி மனமிருந்தால் போதும் என்றாள், ஸ்னைடரோ மார்க்கத்தையும் தனியாக எண்ணினார். 1997இல் அவர் குழுவினர் வெளியிட்ட பிள்ளைகளுக்கான நம்பிக்கை அளவுகோலில் ஆறே வாக்கியங்கள். ஒற்றைப்படை வாக்கியங்கள் மனத்துக்கு, இரட்டைப்படை மார்க்கத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆறு கட்டங்கள், ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதும் என்பது வரை. மொத்தம் 6 முதல் 36 வரை வரும். ஐந்து நிமிஷ வேலை. தாளின் தலைப்பில் நம்பிக்கை என்ற சொல்லே கிடையாது. உன் இலக்குகளைப் பற்றிய கேள்விகள் என்றுதான் போட்டிருக்கும்.

செயின்ட் ஜூடில் வேலை பார்த்த செவிலியர்-ஆய்வாளர் பமேலா ஹிண்ட்ஸ் வேறு வழியில் போனார். விடலைப் பிள்ளைகளிடமே பேசிப் பேசி வரையறையை எடுத்தார். தனக்கோ பிறருக்கோ ஒரு நல்ல நாளை உண்டு என்று, நடப்பை மறக்காமலே நம்புவது. அந்த ‘பிறருக்கோ’ என்பதைப் பாருங்கள். தான் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த பிறகும் தம்பி நன்றாகப் படிக்க வேண்டும், அம்மா சாப்பிட வேண்டும் என்று நினைத்தால் அதுவும் கணக்கில் சேரும். 2005இல் அவர் குழுவினர் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருந்த 10 முதல் 20 வயது வரையான 20 பேரிடம், இனி என்ன சிகிச்சை என்பதில் ஏன் இந்த முடிவெடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். பெரும்பாலானவர்களின் முடிவில் மற்றவர்களைப் பற்றிய அக்கறை இருந்தது. ஸ்னைடரின் ஆறு வாக்கியங்களும் நான், என், எனக்கு என்றே போகும். தம்பிக்கு அதில் கட்டம் இல்லை.

பெற்றோரையும் அளந்தார்கள். பாஸ்டனில் ஜெனிஃபர் மேக் 2007இல் கண்டது ஓகன் காலத்து மருத்துவர்களைத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பிள்ளையின் நிலைமையை மருத்துவர் விவரமாகச் சொன்ன வீடுகளில், நிலைமை மோசமாக இருந்தபோதும், அந்தப் பேச்சே நம்பிக்கை கொடுத்தது என்று பெற்றோர் சொன்னார்கள். 2010இல் ஃபிலடெல்ஃபியாவின் கிறிஸ் ஃபாய்ட்னர் செய்த சிறிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே. ஸ்னைடர் வகை அளவுகோலில் அதிக நம்பிக்கை காட்டிய பெற்றோர்தான், இனிமேல் பிள்ளையை இயந்திரத்தில் போட்டு வதைக்க வேண்டாம் என்ற முடிவுக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியைத் தேடத் தெரிந்தவர்கள் அவர்கள். பிழைக்க வைப்பது முடியாதென்றால் வலியில்லாமல் வைத்திருப்பது.

நம் ஊரில் ரத்தத்தில் கொஞ்சம் கோளாறு, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஸ்னைடரின் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, ஒரு நாள் ஆறு வாக்கியங்களையும் தமிழில் எழுதிப் பார்த்தேன்.

முதல் சங்கடம் பெயரிலேயே வரும் என்று நினைத்திருந்தேன். கடவுளை நம்புவதும், கடன் வாங்கியவனை நம்புவதும், விடியும் என்று நம்புவதும் நமக்கு ஒரே நம்பிக்கைதான். தலைப்பில் அந்தச் சொல் தேவைப்படாததால் தப்பித்தேன். பிரச்சினை வந்தால் வழி தேடுவேன், மற்றவர்கள் கைவிட்டாலும் என்னால் வழி காண முடியும் என்கிற மாதிரி வாக்கியங்கள் சிரமமில்லாமல் வந்துவிட்டன. நின்றது மூன்றாவதில். என் வயதுப் பிள்ளைகளைப் போலவே நானும் நன்றாக இருக்கிறேன் என்பது அதன் சாரம். மொட்டைத் தலையும் முகமூடியுமாக, கையில் ஊசி செருகியபடி உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பெண்ணிடம் இதை நீட்டினால், அவள் எந்தப் பிள்ளைகளை நினைப்பாள்? பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இருப்பவர்களையா? எதிர்க்கட்டிலில் நேற்றிலிருந்து இட்லி சாப்பிட ஆரம்பித்திருப்பவனையா? யாரை நினைக்கிறாள் என்பதைப் பொறுத்து இரண்டாம் கட்டத்திலும் டிக் விழலாம், ஆறாம் கட்டத்திலும் விழலாம். பக்கத்தில் ஒரு கோடு போட்டு ‘யாரை நினைத்துக்கொண்டாய்?’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு மதிப்பெண் கிடையாது.