ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூர்

விடுமுறை வந்தால் நம்மவர்கள் எங்கே போகிறோம்? பத்துமலை, பினாங்கு, கேமரன் மலை. கையில் நாலு காசு சேர்ந்துவிட்டால் தமிழ்நாட்டுக்கும் ஒரு யாத்திரை. அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் சுங்கை புரோங், தஞ்சோங் காராங், ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று சுற்று வட்டாரத்திலேயே குடியிருந்துகொண்டு, கோலசிலாங்கூர் மலைமேல் ஒரு தடவைகூட ஏறாத குடும்பங்கள் நம்மில் எத்தனை! பட்டணத்துக்குப் போகிறோம், வங்கி வேலையை முடிக்கிறோம், மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரு முறை அங்கே அழைத்துப் போக நேர்ந்தபோதுதான், மாணவர்களோடு சேர்ந்து ஆசிரியரும் பாடம் படித்தேன்.

மலையின் பெயர் புக்கிட் மெலாவத்தி. மலை என்று பெயர்தானே தவிர, பத்துமலைப் படிகளை ஏறி இறங்கிய கால்களுக்கு இது ஒரு மேடு. வீட்டில் பசியாறிவிட்டு, வெயில் ஏறுமுன் நடந்தே ஏறுங்கள். பாதையின் இருபுறமும் பெரிய மரங்கள் குடை பிடிக்கும். மேலே போய்ப் பார்த்தால் சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடம், சதுப்புக் காடு, அதற்கப்பால் மலாக்கா நீரிணை, எல்லாம் கண்ணுக்குள் வந்துவிடும். அந்தக் காட்சியைப் பார்த்த மாத்திரத்தில், இங்கே ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்நாட்டு ஈயம் ஆற்று வழியாகத்தான் கடலுக்கு வந்தாக வேண்டும். ஆற்றின் வாயைக் காவல் காப்பவன் கையில் ஈயம். ஈயத்துக்கு மாற்றாக வந்து இறங்கிய சரக்குகளில் நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளும் உண்டு.

இன்று அரச நகரம் கிள்ளான், தலைநகரம் ஷா ஆலம். ஆனால் சிலாங்கூரின் சிங்காதனம் முதலில் இருந்தது இந்தக் கோலசிலாங்கூரில். பூகிஸ் வம்சத்து ராஜா லுமு, 1766-இல் சுல்தான் சாலேஹுடின் என்ற பட்டத்தோடு முதல் சுல்தானானார். அவருடைய மகன் சுல்தான் இப்ராஹிம். மகன் காலத்தில்தான் சண்டை மூண்டது.

ஈய வியாபாரத்தை முழுக்கத் தங்கள் கைக்குள் வைக்க நினைத்தவர்கள் ஒல்லாந்தர், அதாவது மலாக்காவை ஆண்ட டச்சுக்காரர்கள். 1784-இல் ரியாவ் வீரர் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டார். சுல்தான் இப்ராஹிமுக்கு அவர் சிறிய தகப்பனார் முறை. சுல்தானும் படையோடு துணைக்குப் போனார். ஜூன் மாதம் ராஜா ஹாஜி போரில் மாண்டார். பழி தீர்க்க ஆகஸ்டில் டச்சுக் கப்பற்படை இந்த ஆற்று முகத்துக்கு வந்து சேர்ந்தது. கோட்டை விழுந்தது. சுல்தான் காட்டு வழியாகப் பகாங்குக்குப் போய்விட்டார். டச்சுக்காரர்கள் கோட்டைக்கு அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் சூட்டினார்கள். பத்தாவியாவில் இருந்த அவர்களுடைய கவர்னர் ஜெனரலின் பெயர் அல்டிங். பெயர் வைத்த சந்தோஷம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. 1785 ஜூனில் பகாங்கு வீரர்களின் துணையோடு சுல்தான் திரும்பி வந்து தாக்க, டச்சுக்காரர்கள் கோட்டையை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையை மலைமேல் நின்று சொல்லிப் பாருங்கள். வகுப்பறையில் தூங்கி வழியும் பையன்கூடக் கண்கொட்டாமல் கேட்பான்.

பழைய பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்தபடியே கிடக்கின்றன. பிள்ளைகள் ஏறி உட்காரத்தான் செய்வார்கள். முதல் மூன்று சுல்தான்களும் இந்த மலையில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். அரச சமாதிப் பக்கம் போகும்போது உடையும் பேச்சும் அடக்கமாக இருக்கட்டும். பத்து ஹம்பார் என்ற தட்டைக்கல் ஒன்று உண்டு. மரண தண்டனை பெற்றவர்களை அதன்மேல் வைத்துத்தான் வெட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. நச்சுக் கிணறு என்று ஒன்றையும் காட்டுவார்கள். துரோகிகளை இறக்கி வதைப்பதற்காக அதில் மரப்பாலும் மூங்கில் சாறும் கலந்தார்களாம். "ரப்பர் பாலா, சார்?" என்று எங்கள் பெண்பிள்ளை ஒருத்தி கேட்டாள். வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்! ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததே 1877-இல்தான். இது அதற்கு முந்திய ஏதோ ஒரு காட்டு மரத்தின் பால் என்று விளக்கினேன்.

வெள்ளைக் கலங்கரை விளக்கமும் அல்டிங்ஸ்பர்க் பெயரைத் தாங்கியே நிற்கிறது. பெயரைக் கேட்டுவிட்டு டச்சுக்காரர் கட்டியது என்று எண்ணிவிட வேண்டாம். கட்டியது ஆங்கிலேயர், 1907-இல். இதே ஆங்கிலேயர்கள்தான் 1871 ஜூலையில், சிலாங்கூர் உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரத்தில், ரினால்டோ என்ற போர்க்கப்பலைக் கொண்டுவந்து இந்தக் கோட்டையைக் குண்டு வீசி உடைத்தவர்கள். 1942 ஜனவரி முதல் வாரத்தில் ஜப்பானியரும் படகுகளில் வந்து இங்கே கரையிறங்கப் பார்த்தார்கள். முதல் முயற்சியைப் பீரங்கிகள் தடுத்துவிட்டன. ஒரு சிறு மேட்டுக்கு எத்தனை பகை!

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளி மயிர் லோத்தோங் குரங்குகள் சாது; கையிலிருந்தே பயறு வாங்கித் தின்னும். அதன் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். நீண்ட வால் கொண்ட மற்ற ஜாதிக் குரங்கு அப்படியல்ல. என் புளிச்சோற்றுப் பொட்டலம் போனது அதனால்தான். மலையடிவாரத்தில் 1987-இல் திறந்த இயற்கைப் பூங்கா இருக்கிறது. சதுப்பு மரங்களும் கொக்குகளும் பார்க்கலாம், கொசு கடிக்கும்.

மேலே உள்ள அரும்பொருளகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதுதான் ஒரு பையன் கேட்டான்: "சார், ராஜாவைக் காட்டினீங்க, டச்சுக்காரனைக் காட்டினீங்க, வெள்ளைக்காரனைக் காட்டினீங்க. நம்ப ஆளுங்க எங்க சார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பசிக்குதா? வாங்கடா, சாப்பிடப் போவோம்" என்று பேச்சை மாற்றிவிட்டேன். அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. பதில் வீட்டிலேயே இருந்தது. என் மனைவியின் பாட்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். அவர் பேச்சில் அடிக்கடி வரும் ஊர் "தென்னமரம்". நான் அதை ஏதோ ஒரு தென்னந்தோப்பு என்றே நினைத்திருந்தேன்.

தோட்டப் பதிவேட்டிலும் அதே பெயர்தான்: தென்னமரம் தோட்டம். கோலசிலாங்கூரிலிருந்து உள்நாட்டுப் பக்கம், நாம் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைத்துவந்த ஊருக்கு அருகே. 2007-இல் அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். தென்னமரத்தின் பெயர் மாறவில்லை. இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை பயிரிட்ட இடம் அதுதான். ஆண்டு 1917. இன்றைக்கு மலேசியா உலகத்துக்கே எண்ணெய் விற்கிறதே, அதன் முதல் தோட்டத்தின் பெயர் பச்சைத் தமிழ்!

செம்பனை வந்த வழியும் சுவையானது. அதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. அவற்றின் சந்ததி சுமத்திராவின் டெலி பக்கம் பரவியது. ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் திறந்தவர். அவர் சுமத்திராவிலிருந்து விதை கொண்டுவந்து முதலில் அழகுக்காக நட்டார். பிறகு காப்பி சரியாக வராத நிலத்தில், 1917-இல், தென்னமரத்தில் வரிசை பிடித்து நட்டார். மலாயா வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்ஸ் நாட்டின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது. துரையின் பெயர் நூல்களில் இருக்கிறது. காட்டை வெட்டிக் கன்று நட்ட கைகளின் பெயர் பெர்ரட்டுப் புத்தகத்தோடு போய்விட்டது. தோட்டத்தின் பெயரில்தான் அவர்கள் பேசிய மொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே போனால் கோட்டையோ கோபுரமோ இருக்காது. வரிசை வரிசையாகச் செம்பனை, செம்மண் பாதை, பெயர்ப்பலகை. அவ்வளவுதான். தனியார் நிலம் என்பதால் அனுமதி கேட்காமல் உள்ளே நுழைய வேண்டாம். பெயர்ப்பலகையை நிறுத்திப் படிக்கவே நான் அடுத்த வருடம் பிள்ளைகளை அழைத்துப் போனேன். கேள்வி கேட்ட பையன் அப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். அவன் தங்கை வந்திருந்தாள்; பலகையில் மலாய் எழுத்தில் இருந்ததைக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து யார் எங்கே பெண் எடுத்தார்கள், எந்த லயம் எங்கே இருந்தது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். பல தோட்டங்கள் இன்று வீடமைப்பாகிவிட்டன. அந்தப் பேச்சைக் கேட்க இனி அதிக நாள் இல்லை.

அந்தி சாயும்போது திரும்பி வரும் வழியில் கம்போங் குவாந்தான். சம்பானில் ஏறி இருட்டில் ஆற்றில் போனால், கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரியும். தீபாவளி மின்விளக்குகளைப் பார்த்துப் பழகிய குழந்தைகள்கூட வாயடைத்துப் போவார்கள். நிலா இல்லாத இரவு நல்லது. மழை பெய்தால் ஒன்றும் தெரியாது. முதல் தடவை நாங்கள் நனைந்துகொண்டு திரும்பினோம். விளக்கு அடித்துப் படம் பிடிக்காதீர்கள்.

வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்வெளிகள், அதற்கும் மேலே பேராக் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆற்றங்கரையில் சபாக் பெர்ணம், இவையெல்லாம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு. காடி இல்லாதவர்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள். மின்மினி பார்த்து முடிக்கும் நேரத்துக்குப் பஸ்ஸை நம்ப முடியாது.