பாதி நிரம்பிய அட்டவணையும் பேசும்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர் காலை மடக்குகிறார். பிசியோதெரபிஸ்ட் கோணமானியின் நடுமுனையை மூட்டின் வெளிப்பக்கத்தில் பொருத்தி, ஒரு கரத்தைத் தொடையோடும் மற்றதைக் கீழ்க்காலோடும் ஒட்டிப் பிடிக்கிறார்: 95 டிகிரி. அடுத்து இன்னொருவர் அளந்தால் 99. கால் அதே கால்தான். எந்த எண்ணை நம்புவது?

இதற்கு விடை சொல்வது ஐசிசி என்னும் நம்பகத்தன்மைக் கெழு. எண்களில் காணும் மொத்த ஏற்ற இறக்கத்தில் நோயாளிகளுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதே அதன் பொருள். 1-ஐ நெருங்க நெருங்க அளவை நம்பலாம்.

20 நோயாளிகளை மூன்று பேர் அளந்தால் 60 எண்கள் கிடைக்க வேண்டும். நடைமுறையில் ஒருவருக்கு விடுப்பு, இன்னொருவர் சீக்கிரம் வீடு திரும்பிவிட்டார். 11 பேருக்கு மூன்று அளவுகள், 6 பேருக்கு இரண்டு, 3 பேருக்கு ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்குமுறை பெரும்பாலும் குறையுள்ள வரிசைகளை நீக்கிவிடும். 9 பேரும் அவர்கள் வலி பொறுத்துக் கொடுத்த 15 அளவுகளும் வீண்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச மென்பொருளான 'ஆர்', கலப்பு மாதிரி என்ற வழியில் இதைத் தவிர்க்கிறது. அதன் 'எல்எம்இ4' தொகுப்பிடம் நாம் சொல்வது இவ்வளவே: கோணம் மாறுவதற்கு நோயாளி ஒரு காரணம், அளந்தவர் ஒரு காரணம், மீதி பிழை. இருக்கும் 48 எண்களையும் அது எடுத்துக்கொள்கிறது. ஒரே முறை அளக்கப்பட்டவர்கூட, மனிதருக்கு மனிதர் கோணம் எவ்வளவு மாறும் என்பதற்குச் சாட்சி சொல்கிறார்.

பத்தாம் வகுப்பில் படித்த விலக்க வர்க்கச் சராசரியாக விடை வரும். நோயாளி 90, அளந்தவர் 4, பிழை 6 என வந்தால் ஐசிசி 90/100, அதாவது 0.9. அளப்பதால் வரும் தடுமாற்றம் 10-இன் வர்க்கமூலம், சுமார் 3.2 டிகிரி. இதன்படி, இருவேறு நாளில் இருவேறு பேர் அளந்திருந்தால், வித்தியாசம் ஏறக்குறைய 9 டிகிரியைத் தாண்டினால்தான் முன்னேற்றம் என்று 95% உறுதியோடு சொல்லலாம். நம் 95-க்கும் 99-க்கும் இடையிலான 4 டிகிரி போதாது.

ஓர் எச்சரிக்கை. விடுப்பால் காலியான கட்டத்தை மாதிரி சமாளிக்கும். வலி தாங்காமல் கால் மடங்காதவர்களே அளக்க மறுத்திருந்தால், மிச்சமுள்ள எண்கள் ஒருபக்கம் சாய்ந்தவை. எந்த மென்பொருளும் தானாக அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே கட்டத்தைக் காலியாக விடும்போதே, ஏன் என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதி வையுங்கள்.