ஆடியில் பரிசல், மார்கழியில் மலை ரயில்

கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு ஆடியும் மார்கழியும் சோறு போடாத மாதங்கள். காரமடையில் என் ஸ்டுடியோவில் அப்போது ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆனால் ஆறும் மலையும் படத்துக்கு வாகாக இருப்பது அந்த இரண்டு மாதங்களில்தான். சித்திரையில் ஊட்டிக்குப் படையெடுக்கிறவர்கள், பள்ளத்தாக்கு வெளிறி விழுகிறது என்று போனைத் திட்டுகிறார்கள். போன் என்ன செய்யும்? கோடைக் காற்றில் மிதக்கும் தூசியிலும் புகையிலும் வெளிச்சம் சிதறி, தூரத்து மலைமேல் வெள்ளைத் திரை விழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கழுவி இறக்கிய பிறகு வந்து பாருங்கள்.

தாலி கட்டுகிற மாப்பிள்ளையிடம் ‘இன்னொரு தடவை கட்டுங்க’ என்று சொல்ல முடியாது. எங்கே நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கம், எந்த லென்ஸ் எல்லாம் கெட்டிமேளத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஓடும் வண்டியிலும் அப்படித்தான். காட்சி வந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால் அது போய்விட்டிருக்கும். 1860களில் இமயமலையில் அலைந்த சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, பக்கத்திலேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். சுமை தூக்கவே ஒரு படை கூடப் போனது. என்ன கேமரா வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இவர் கதையைத்தான் சொல்வேன்.

ஆடியில் நான் போவது ஒகேனக்கல். குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை செந்நீராக இறங்கும். வரத்து அதிகமானால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அதில் வாதாடக்கூடாது. வரத்து தணிந்து துறை திறந்ததும், பாறைச் சுவர்களுக்கு நடுவே போகலாம். வெயில் அடிக்கிற நாளில் ஒரு சுவர் பளீரென்றும் எதிர்ச்சுவர் கரியாகவும் விழும். மேகம் மூடிய ஆடி நாளில் இரண்டு சுவரும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும். அதனால் வானம் கறுத்திருக்கிறதே என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம்; சட்டத்தில் வானத்தை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும்.

பரிசல் வட்டமானது, ஒரே துடுப்பு, தன்போக்கில் திரும்பும். முக்காலி எதற்கும் உதவாது. “அண்ணே, அருவி நம்ம இடது கைப் பக்கம் வர்ற மாதிரி ஒரு நிமிசம் பிடிங்க” என்று முன்கூட்டியே கேட்டு வைத்தால் பரிசல்காரர் பிடித்துத் தருவார். “தலையை ஆட்டாம உட்காருங்க, அது போதும்” என்பார். கேமராவை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தினால் பாறை உயர்ந்து நிற்கும். தூரத்தில் இன்னொரு பரிசல் வரும்வரை பொறுங்கள். ஆள் இல்லாத பாறை எவ்வளவு பெரியது என்று படம் பார்ப்பவருக்குத் தெரியாது.

அருவி படத்தில் வெள்ளையாக வழித்துவிட்டது போல விழுவதற்குக் காரணம் உண்டு. கேமராவின் கணக்கில் உலகம் நடுத்தரச் சாம்பல் நிறம். சுற்றிலும் கறுத்த பாறை இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஏற்றிவிடும். நீர்த்தாரை எல்லாம் வெளுத்துப் போகும். அங்கே வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். போனில் அருவியை விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

மார்கழியில் இதே கணக்கு தலைகீழ். சட்டம் முழுக்கப் பனிமூட்டமாக இருந்தால் கேமரா அதை அழுக்குச் சாம்பலாக்கும். வெளிச்சத்தை ஏற்றினால்தான் மூடுபனி மூடுபனியாக இருக்கும். பிளாஷ் போடாதீர்கள். எதிரே உள்ள நீர்த்துளிகளில் பட்டு உங்கள் மேலேயே திரும்பும்.

மார்கழியில் நான் ஏறும் மேட்டுப்பாளையம் மலை ரயில் 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் ஓட ஆரம்பித்தது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே, இன்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்சட்டம் தொடங்கும். குன்னூர் வரை இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஆகவே முன்பெட்டியில் இடம் கிடைத்தால் யோகம்: வளைவு திரும்பும்போது மொத்த ரயிலும், கடைசியில் புகை விடும் இன்ஜினும் ஒரே சட்டத்தில் வரும். குன்னூர் வரைக்கும் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பள்ளத்தாக்கு பெரும்பாலும் அந்தப் பக்கம்.

வேகம் மாட்டுவண்டியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனாலும் பக்கத்துப் பாறையும் புதரும் கலங்கும், தூரத்து மலை கலங்காது. ஷட்டர் வேகத்தை நொடியில் 500இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்தால் இரண்டும் நிற்கும். முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றாதீர்கள். ரயிலின் அதிர்வு கை வழியாகக் கேமராவுக்குப் போகும். தலையை வெளியே நீட்டி செல்பி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ரயில் நுழையும் குகைப்பாதைகளின் சுவர் அத்தனை கிட்டத்தில் வரும்.

டிக்கெட் எடுக்கும்போது ஏறுவதற்கு மட்டும் எடுங்கள். காலை வெயில், ரயில் ஏறும் கிழக்குச் சரிவின்மேல் விழும். பிற்பகலில் இறங்கும் ரயிலில் வந்தால் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போய், பள்ளத்தாக்கு சீக்கிரமே நிழலாகிவிடும். இறங்குவதற்கு அரசு பஸ் இருக்கிறது, நேரமும் மிச்சம்.