மாட்டிறைச்சி விளம்பரத்துக்குள் நெப்போலியன் ஒளிந்திருப்பது தெரியுமா?

1992ல் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரம் ஓடத் தொடங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சிதான் என்று நடிகர் ராபர்ட் மிட்சம் கட்டைக் குரலில் சொல்வார். பின்னணியில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா பரபரவென்று துள்ளும். அந்தத் துள்ளலைக் கேட்டாலே கௌபாய், குதிரை, மேற்குச் சமவெளி என்று அமெரிக்கர்களுக்கு மனசு ஓடிவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த மெட்டுக்கும் கௌபாய்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதன் பெயர் 'போனபார்ட்டின் பின்வாங்கல்'. ஆமாம், படையோடு திரும்பி ஓடிய அதே நெப்போலியன்தான்!

பெயருக்கேற்றபடி அது ஒரு நடைமெட்டு. அமெரிக்காவின் தெற்கு மாநில மலைகளில் பெரும்பாலான பிடில்காரர்கள் அதை நிதானமாகத்தான் வாசித்தார்கள். அதற்காகத் தந்திகளின் சுருதியையே மாற்றிவிடுவார்கள், தெரியுமா? ஜி, டி, ஏ, ஈ என்று இருக்க வேண்டிய நான்கு தந்திகளில் முதலையும் கடைசியையும் இறக்கி, டி, டி, ஏ, டி என்று வைத்துக்கொள்வார்கள். இப்போது வில்லை எங்கே வைத்தாலும் அடியில் ஒரு 'டி' விடாமல் ரீங்கரிக்கும். தம்பூராவைப் பிடிலுக்குள்ளேயே வைத்துக்கொண்ட மாதிரி! கேட்பவர்களுக்கோ ராணுவ பேக்பைப் ஞாபகம் வரும்.

இந்த மாதிரி மெட்டுகள் இசைத்தட்டில் ஏறிய கதையே தனி. 1922ல் டெக்சஸ் பிடில்காரர் எக் ராபர்ட்சனும் அவருடைய நண்பர் ஹென்றி கில்லிலண்டும் நியூயார்க்கின் விக்டர் கம்பெனிக்கு யாரும் அழைக்காமலே போய் நின்றார்கள். துணிச்சலைப் பாருங்கள்! வந்த கையோடு ஒலிப்பதிவும் நடந்துவிட்டது. கிராமத்து பிடிலுக்கும் காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்று கம்பெனிகளுக்கு உறைக்க ஆரம்பித்தது. 1924ல் ஜார்ஜியாக்காரர் ஏ.ஏ.கிரே 'போனபார்ட்டின் பின்வாங்க'லை ஓகே கம்பெனியின் தட்டில் வாசித்துவிட்டார்.

ஆனால் வரலாற்றை மாற்றியது கடையில் விற்ற தட்டு இல்லை. விலையே இல்லாத ஒரு தட்டு!

1937 அக்டோபர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக 22 வயது ஆலன் லோமாக்ஸ் தன் மனைவி எலிசபெத்துடன் கென்டக்கி மலைகளில் பாட்டுத் தேடி அலைந்துகொண்டிருந்தார். (அதே பயணத்தில்தான், பிற்பாடு உலகமே பாடிய 'ரைசிங் சன்' பாட்டை ஜார்ஜியா டர்னர் என்ற பதின்வயதுப் பெண்ணிடமிருந்து பதிவு செய்தார். ஒரே பயணம், இரண்டு புதையல்!) சாலியர்ஸ்வில் என்ற சிற்றூரில் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப் என்ற பிடில்காரர் கிடைத்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரெல்லாம் நிதானமாக நடத்திய நெப்போலியனை ஓட ஓட விரட்டினார்! அதே மெட்டு, அதே ரீங்காரம். ஆனால் வேகமோ காலைத் தூக்கி ஆடவைக்கும் நாட்டிய வேகம். லோமாக்ஸின் கருவி அதைத் தட்டில் கீறிக்கொண்டது.

அந்தத் தட்டு நூலக அலமாரியிலேயே தூங்கியிருக்கலாம். தூங்கவிடாதவர் ரூத் க்ராஃபோர்ட் சீகர். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உண்மையான நாயகி இவர்தான். நவீன இசையமைப்பாளரான அவர், லோமாக்ஸ் குடும்பத்தின் பாட்டுத் தொகுப்புக்காகத் தட்டுகளைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, ஒவ்வொரு வளைவையும் நெளிவையும் தாளில் இறக்கினார். அந்த நூலுக்கு அவர் எழுதிய இசை முன்னுரை நீண்டுகொண்டே போய் நூலுக்குள் அடங்காமல், 2001ல்தான் தனிப் புத்தகமாக வந்தது என்றால் அவர் உழைப்பைப் புரிந்துகொள்ளலாம்! 1941ல் தொகுப்பு வெளியானது. ஸ்டெப்பின் பிடிலும் அதற்குள் எழுத்தாக இருந்தது.

அடுத்த வருஷமே ஆரன் கோப்லாண்ட் கண்ணில் அது பட்டது. புரூக்ளினில் பிறந்து வளர்ந்த நகரத்துப் பிள்ளை. 'ரோடியோ' என்ற கௌபாய் பாலே நாட்டியத்துக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தார். 'ஹோ டௌன்' பகுதிக்கு ஸ்டெப்பின் வாசிப்பை ஏறக்குறைய ஸ்வரத்துக்கு ஸ்வரம் அப்படியே ஆர்க்கெஸ்ட்ராவில் ஏற்றினார். மாட்டிறைச்சி விளம்பரத்தில் துள்ளியது இதுதான். 1942 அக்டோபர் 16, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஒபரா அரங்கு. நடனம் அமைத்து நாயகியாகவும் ஆடிய ஆக்னஸ் டி மில், 22 முறை திரைக்கு முன்னால் வந்து வணங்க வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள். கென்டக்கிக் கிழவர் மட்டும் ஊரோடு ஒத்து நிதானமாக வாசித்திருந்தால், இந்தத் துள்ளல் கோப்லாண்டுக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

அதற்குப் பிறகு மெட்டுக்குக் கால் முளைத்துவிட்டது. 1972ல் எமர்சன், லேக் அண்ட் பாமர் ராக் குழு கோப்லாண்டின் 'ஹோ டௌ'னை ஹாமண்ட் ஆர்கனில் அதிரவைத்தது. இன்னொரு கிளை தனியாகப் போனது. பீ வீ கிங் மெட்டுக்கு வார்த்தை போட்டுக் காதல் பாட்டாக்க, 1950ல் கே ஸ்டார் பாடி அமெரிக்கா முழுக்க அது ஹிட். 1974ல் கிளென் கேம்பெலும் பாடினார். பேக்பைப்பைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறியும் வாசித்தார்! தோற்ற பேரரசன் காதல் பாட்டில் போய்ச் சேர்ந்ததுதான் எனக்குக் கொஞ்சம் ஜீரணிக்க முடியாத விஷயம்.

கடைசியாக ஒன்று. 2016 மார்ச்சில் நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் புதிய பெயர்களை அறிவித்தது. ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்', மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்', கூடவே ஸ்டெப்பின் 1937 பிடில்! 1957ல் இறந்துபோன அவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

இணையத்தில் இரண்டுமே கிடைக்கின்றன. கோப்லாண்டை அப்புறம் கேட்கலாம், முதலில் ஸ்டெப்பைக் கேளுங்கள்.