பிள்ளையின் பிறந்தநாளும் பெற்றோரின் பெருமையும்

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் விழா எடுக்க விரும்பும் தாய் தந்தையர் முதற்கண் ஆராய்வது யாது? எத்தனை பேரை அழைப்பது, கேக் எத்தனை கிலோ, மண்டபமா வீட்டு முற்றமா என்பனவே. பிள்ளை எத்தனை மணிக்கு உறங்கும் என்பதை ஆராய்வோர் அரியர். விழா இரவு ஏழு மணிக்குத் தொடங்குகிறது. விழா நாயகரோ எட்டு மணிக்குள் அழுது ஓய்ந்து, மெழுகுவர்த்தி ஏற்றும் வேளையில் தாயின் தோளிலே துயின்றுவிடுகிறார். புகைப்படத்தின் பொருட்டு அவரைத் தட்டி எழுப்பும் கொடுமையையும் நாம் கண்டிருக்கிறோம்.

இக்கட்டுரையை எழுதுங்கால் நம் மனக்கண்முன் நிற்பது பள்ளிவாசல்துறை என்னும் கரையோரச் சிற்றூர். மேற்கே கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது அவ்வூர். இறைவனை வணங்கும் இடமும் தோணி கட்டும் இடமும் ஒரே பெயரில் இணைந்திருப்பது அழகுதான். இக்குடாநாட்டில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் அயலயலே வாழ்கின்றனர். கடற்றொழிலும், மணற்பாங்கான தோட்டங்களில் வெங்காயம், மிளகாய் முதலியன பயிரிடுதலும் இங்குள்ளோரின் பிழைப்பு. இத்தகைய ஊரில் ஒரு சிறு பிள்ளையின் பிறந்தநாளை எவ்வாறு அமைப்பது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மெழுகுவர்த்தியும் கேக்கும் கொண்ட பிறந்தநாள் இம்மூன்று சமயத்தாருக்குமே பின்னர் வந்த விருந்தாளி. நம் இந்துக் குடும்பங்களில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தல் உண்டு. முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் சொரிந்து, ஏடு, எழுதுகோல், நகை முதலியவற்றை முன்னே பரப்பி, அது எதை எடுக்கிறது என்று பார்த்து மகிழ்வதும் உண்டு. ஆண்டு நிறைவையோ ஆங்கிலத் திகதியால் அன்றிப் பிறந்த மாதத்து நட்சத்திரத்தாலேயே கணித்தனர். முஸ்லிம் இல்லங்களில் ஏழாம் நாள் தலைமுடி இறக்கிப் பெயர் சூட்டி, அகீகா கொடுத்தல் மரபு. கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானமும், பெயர் கொண்ட புனிதரின் திருநாளும் பெரியன. ஆண்டுதோறும் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் பழந்தமிழர்க்கு இருந்ததா எனின், அரசர்க்கு இருந்தது. வேந்தன் பிறந்தநாளைப் பெருமங்கலம் என்று தொல்காப்பியம் குறிக்கிறது. அன்று அவன் சினத்தை ஒழித்தல் முறை. முதலாம் இராசராசனின் சதய விழா இன்றும் ஐப்பசி தோறும் தஞ்சையில் நிகழ்கிறது. நம் வீட்டுச் சிறு வேந்தர்களுக்கு அவ்வுரிமை வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் காணப்பட்டது. பிறந்தநாட் பாடலின் மெட்டோ ஆசிரியத் தொழிலோடு தொடர்புடையது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் பாலர் பள்ளி ஆசிரியையாக விளங்கிய பாற்றி ஹில் அம்மையாரும் அவர் தமக்கை மில்ட்ரெட்டும், காலையில் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு வணக்கம் கூறுதற்கென்றே அதனை ஆக்கி, 1893 இல் நூலாக வெளியிட்டனர். பிற்காலத்தில் வேறு சொற்கள் அதனுள் புகுந்தன. அச்சொற்களுக்கு உரிமை கோரிப் பணம் பெறுவோரும் தோன்றினர். 2015 இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அக்கோரிக்கை செல்லாது எனத் தீர்த்தது. பாலர் எளிதிற் பாடுதற்கென்று புனைந்த மெட்டு ஆதலால், மூன்று வயதுப் பிள்ளையும் அதனைப் பாடிவிடுகிறது. ஒலிபெருக்கி வைத்து அதனை ஊரறிய அலறச் செய்வானேன்?

இனிச் செலவைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். கடற்றொழிலாளியின் வருவாய் மாதச் சம்பளம் அன்று. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். சோளகமும் கச்சானும் வீசும் அந்நாட்களில் பல படகுகள் கரையேறிக் கிடக்கும். களப்பு மீன்பிடியைக் கொண்டே பல குடும்பங்கள் காலந் தள்ளும். பெப்ரவரியில் பிறந்த பிள்ளைக்கும் ஜூலையில் பிறந்த பிள்ளைக்கும் பெற்றோர் அன்பில் வேறுபாடு இல்லை; ஆனால் வீட்டுப் பணப்பெட்டியில் வேறுபாடு உண்டு. அடுத்த வீட்டார் மாசியில் இரண்டடுக்குக் கேக் வெட்டினர் என்பதற்காக, ஆடியில் சம்மாட்டியாரிடம் முற்பணம் வாங்கும் தகப்பனும், பிள்ளையின் காதுத்தோட்டை அடகு வைத்து அப்பிள்ளைக்கே விழா எடுக்கும் தாயும் இல்லாமல் இல்லை. முற்பணம் வாங்கியவர் தம் மீனை வேறெவருக்கும் நல்ல விலைக்கு விற்க இயலாது போகிறது. ஒரு மாலைக் கொண்டாட்டம் அடுத்த பருவத்தின் பிடிபாட்டையும் விலைபேசி விடுகிறது. அடகு வைத்த தோடோ பலகால் திரும்புவதே இல்லை.

2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் சமையல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாட்டு மக்கள் வரிசையில் நின்றனர். 2023 இல் முட்டையைக்கூட இந்தியாவிலிருந்து தருவிக்க நேர்ந்தது. பிள்ளைகளோ அவ்விரண்டாண்டுகளிலும் வழக்கம் போலவே வளர்ந்தனர். கேக் இன்றியும் ஒரு வயது கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ! ஒவ்வொரு வாரமும் ஒரு சிறு தொகையைச் சீட்டாகவோ உண்டியலிலோ சேர்த்து, கையிருப்பு எவ்வளவோ அவ்வளவே விழா என வரையறுப்பது உத்தமம்.

பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி, அவ்வளவு தோழரையே அழைக்க வேண்டும் என்று மேனாட்டில் ஒரு கணக்கு வழங்குகிறது. மூன்று வயதுக்கு நால்வர். நம் ஊர்களில் அது நடவாது. மாமன் மக்களும் சாச்சி மக்களும் சேர்ந்தாலே எட்டாகிவிடும். ஆயினும் பத்துப் பிள்ளைகளுக்கு மேற்படாது பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் கூட்டத்தைக் குறைத்தாலே பாதிச் செலவு குறையும். பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடித்துவிடுக. மதிய உறக்கம் முடிந்து பிள்ளை முகமலர்ச்சியோடு இருக்கும் வேளை அதுவே. மஃரிப் தொழுகைக்குச் செல்வோர்க்கும், மாலை விளக்கேற்றுவோர்க்கும் இடையூறு இராது.

நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், சில ஆண்டுகளில் பிறந்தநாள் அதனுள் அமைதல் கூடும். அப்போது பெருநாளுக்குப் பின் தள்ளிவைத்தால் பிள்ளை கோபித்துக்கொள்ளாது. மூன்று வயதுக்கு நாட்காட்டி தெரியாது. பிறந்தநாள் கொண்டாடுதல் தமது மார்க்கத்துக்கு ஏற்றதன்று எனக் கருதும் குடும்பங்களும் உள. அவர்களை வற்புறுத்தி அழைத்தலும் தகாது. விலக்கி வைத்தலும் தகாது. ஏனைய நாட்களில் வேலிக்கு மேலாக இரு வீட்டாரும் பண்டம் பரிமாறுவது போல, அன்றும் பெயர் சொல்லாமல் ஒரு தட்டுப் பலகாரம் செல்லட்டும்.

பலகாரம் என்றதும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எந்தப் பிள்ளையும் ‘எனக்கு ஆகாது’ என்று கையை இழுத்துக்கொள்ள நேராத உணவே ஒரே பாயில் பரிமாறத் தக்கது. இறைச்சியைத் தவிர்த்துவிட்டால் ஹலால், விரதம் முதலிய கேள்விகள் பெரும்பாலும் எழா. கடையில் விற்கும் சிலவகை இனிப்புகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் சேர்ந்திருக்கும். அதற்கு மாற்றாக நம் கடற்பாசி இருக்கிறதே! புத்தளம், கற்பிட்டிப் பகுதிக் களப்பில் விளையும் பாசியை ‘சிலோன் மொஸ்’ என்று ஆங்கிலேயர் அறிந்திருந்தனர். கடற்பாசியைக் காய்ச்சிச் சீனியும் தேங்காய்ப்பாலும் கலந்து தட்டில் ஊற்றி ஆறவிட்டு வெட்டினால், பத்துப் பிள்ளைகளுக்குப் போதும், செலவும் சிறிது. அவித்த பயற்றில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கலந்து கொடுத்தால் வயிறும் நிறையும். வட்டிலப்பம் செய்யும் உம்மம்மா வீட்டில் இருந்தால் கேக்கை எவர் தேடப் போகிறார்? மெழுகுவர்த்தியை வட்டிலப்பத் தட்டின் அருகில் ஒரு சிரட்டை மணலில் நட்டுவிடலாம். கச்சானை முழுமணியாக ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுத்தல் ஆகாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். (காற்றுக்கும் கடலைக்கும் நம் நாட்டில் ஒரே பெயர், இரண்டிலும் எச்சரிக்கை வேண்டும்.) ஓராண்டு நிறையாத கைக்குழந்தைக்குத் தேன் தொட்டு வைத்தலும் கூடாது.

பலூன் இன்றேல் பிறந்தநாள் இல்லை எனப் பலர் எண்ணுகின்றனர். வெடித்த பலூனின் துண்டைச் சிறு பிள்ளை வாயிலிட்டு விழுங்கினால் மூச்சு அடைபடும். அமெரிக்காவில் எட்டு வயதுக்குட்பட்டோர் பற்றிய எச்சரிக்கையைப் பலூன் உறையிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். வானில் பறக்கவிட்ட பலூனோ கடலில் வீழ்ந்து ஆமையின் வயிற்றில் சேரும். பார் றீவ் எனப்படும் பவளப்பாறைப் பகுதியை 1992 இல் சரணாலயமாக அறிவித்தது இக்கற்பிட்டிக் கடலிலேதான். வண்ணக் கடதாசித் தோரணமும் தென்னங்குருத்தும் போதாவோ?

விளையாட்டுக்குப் பணம் வேண்டியதில்லை. கொழும்புப் பிள்ளைகள் மணலுக்காகப் பூங்காவுக்குப் போகின்றனர். இங்கே முற்றமெல்லாம் மணல். சிப்பி பொறுக்குதல், மணலில் குச்சியை ஒளித்துத் தேடும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், சிரட்டையில் சோறு கறி சமைத்தல் ஆகியவற்றில் மூன்று வயதினர் தம்மை மறந்து ஈடுபடுவர். வென்றவர்க்குப் பரிசு என்று மட்டும் வைத்துவிடாதீர். அழுகை அங்கேதான் தொடங்கும்.

வந்தோர் கொணரும் அன்பளிப்பை அவர்கள் முன்னிலையில் பிரித்தல் வேண்டா. ஒருவர் சாவி கொடுத்தால் ஓடும் மோட்டார் வண்டி கொணர்ந்திருப்பார். மற்றொருவர் ஒரு பென்சில் கொணர்ந்திருப்பார். பென்சில் கொணர்ந்த பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

இறுதியாக ஒரு யோசனை. நம் ஊர்களில் தம் பிறந்த திகதியை அறியாத முதியோர் இன்னும் உளர். வயதைக் கேட்டால், 1964 ஆம் ஆண்டுச் சூறாவளி அடித்தபோது தாம் நடைபயிலும் பிள்ளை என்பர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்த முஸ்லிம் குடும்பங்களின் மூத்தோர்க்கோ, அவ்வொக்டோபரே காலத்தை அளக்கும் கோல். தம் நாளை அறியாத அப்பாட்டிமார், பேரப்பிள்ளை பிறந்த நாளை நாழிகையோடு அறிவர்: அன்று மழையா வெயிலா, யார் வாகனம் பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார், தகப்பன் கடலில் இருந்தாரா கரையில் இருந்தாரா என்றெல்லாம் கூறுவர். பாயின் நடுவே பாட்டியை அமர்த்தி அதனைச் சொல்லச் செய்க. கேக்கோ வட்டிலப்பமோ வெட்டுவதற்கு முன்னரே இதனை வைத்துக்கொள்வது நன்று. வெட்டிய பின் பிள்ளைகள் ஓரிடத்தில் இருக்கமாட்டார்கள்.