மலைநாட்டின் இரண்டு பள்ளிகள்

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் மெக்டவல் என்னும் வட்டாரம் உள்ளது. நாம் மாவட்டம் என்று அழைப்பதை அங்கே ‘கவுண்டி’ என்பர். அப்பலாச்சிய மலைகளுக்கு இடையே, ஓடைகளை ஒட்டியே அங்குள்ள சிற்றூர்கள் அமைந்துள்ளன. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களே அவ்வட்டாரத்தை வாழவைத்தன. 1950ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 99,000 பேர் வாழ்ந்தனர். பின்னர்ச் சுரங்கங்களில் இயந்திரங்கள் புகுந்தன. பல சுரங்கங்கள் மூடப்பட்டன. மக்கள் வேலை தேடி வெளியேறினர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 19,000 பேரே.

மக்கள் குறையவே பள்ளிகளும் குறைந்தன. நார்த்ஃபோர்க் என்னும் சிற்றூரின் உயர்நிலைப்பள்ளி 1974 முதல் 1981 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் மாநிலக் கூடைப்பந்து வெற்றியாளராகத் திகழ்ந்தது. அப்படிப்பட்ட பள்ளியும் 1985இல் மூடப்பட்டது. வார் என்னும் ஊரில் பிக் கிரீக் உயர்நிலைப்பள்ளி இருந்தது. அங்குப் படித்த ஹோமர் ஹிக்கம், நண்பர்களுடன் சேர்ந்து சொந்தமாக ராக்கெட்டுகளைச் செய்து பறக்கவிட்டார். 1960இல் நடந்த தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்ற அவர், பிற்காலத்தில் நாசாவில் பொறியியலாளராகப் பணியாற்றினார். 2010இல் பிக் கிரீக் பள்ளியும் யேகர் பள்ளியும் ஒன்றாக்கப்பட்டு, பிராட்ஷாவில் ரிவர் வியூ என்ற புதிய பள்ளி திறக்கப்பட்டது. இப்போது அவ்வட்டாரத்தில் இருப்பவை இரண்டே அரசாங்க உயர்நிலைப்பள்ளிகள். ஒன்று ரிவர் வியூ. மற்றொன்று வெல்ச் நகரிலுள்ள மவுண்ட் வியூ.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று ஒருவர் கேட்டால், பலரும் முதலில் தேடுவது தேர்ச்சி விகிதத்தைத்தான். அமெரிக்க உயர்நிலைப்பள்ளிக் கல்வி நான்கு ஆண்டுகளைக் கொண்டது. ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர்களுள் எத்தனை பேர் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்தனர் என்பதே இவ்விகிதம். வேறு பள்ளிக்கு மாறிச் சென்றவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவர். மாறி வந்தவர்களைச் சேர்த்துக்கொள்வர். கேட்பதற்கு எளிய கணக்குதான். ஆனால், சிறிய பள்ளியில் இது நம்மை ஏமாற்றிவிடும். ஓர் அணியில் 60 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் மூவர் இடையில் நின்றுவிட்டால் விகிதம் 95 விழுக்காடு. அறுவர் நின்றுவிட்டால் 90 விழுக்காடு. ஓர் அணியில் 600 பேர் கொண்ட நகரப் பள்ளியில் அதே மூவரின் வேறுபாடு அரை விழுக்காடு மட்டுமே. இங்கோ ஐந்து விழுக்காடு ஆகிவிடுகிறது. எனவே, ஓராண்டின் எண்ணை மட்டும் பார்த்துப் பள்ளி சரிந்துவிட்டது என்றோ உயர்ந்துவிட்டது என்றோ சொல்வது தவறு. நான்கைந்து ஆண்டுகளின் எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடும்பச் சூழலால் ஐந்தாவது ஆண்டில் படிப்பை முடித்த மாணவரும் இந்த விகிதத்தில் முடிக்காதவராகவே கருதப்படுகிறார் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்னும் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. ரிவர் வியூவில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளே உள்ளன. மவுண்ட் வியூவிலோ 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் நடைபெறுகின்றன. இரண்டின் மொத்த எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. அதைவிட முக்கியமான கேள்வி, கணிதம் கற்பிப்பவர் கணிதத்தில் பயிற்சி பெற்றவரா என்பதுதான். ஒதுக்குப்புறமான இத்தகைய வட்டாரங்களில் ஆசிரியர்கள் தங்குவதற்கு நல்ல வீடு கிடைப்பதே கடினம். அதனால், வெல்ச் நகரில் ஆசிரியர்களைக் கருத்திற்கொண்டே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்பட்டது.

வறுமையை அளக்கும் எண்ணும் இப்போது பயன்படுவதில்லை. முன்பு இலவச உணவு பெறும் மாணவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளியின் வறுமை நிலையை அறிந்தனர். வறுமை மிகுந்த பள்ளிகளில் விண்ணப்பம் ஏதுமின்றி எல்லா மாணவர்களுக்கும் உணவு வழங்கும் திட்டம் வந்த பிறகு, அந்த எண் பொருளற்றதாகிவிட்டது. பிள்ளைகள் பசியாறுகிறார்கள்; கணக்கு கெட்டுப்போனால் கெட்டுப்போகட்டும்.

எந்தப் பட்டியலிலும் எளிதில் தென்படாதது தொலைவு. பள்ளிகளை ஒன்றாக்கினால் நல்ல ஆய்வுக்கூடமும் கூடுதல் பாடங்களும் கிடைக்கும். ஆனால், பேருந்துப் பயணம் நீளும். வரைபடத்தில் அருகில் தெரியும் ஊருக்கு மலையைச் சுற்றிச் செல்ல வேண்டும். விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படும் மாணவருக்கு, பள்ளி முடிந்த பிறகு நடைபெறும் அறிவியல் கழகத்தில் சேர நேரம் ஏது? வீட்டில் கார் இல்லாவிட்டால் அந்தக் கழகம் இருந்தும் இல்லாததுதான்.

பொதுவாக, வீடு எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்தே பிள்ளைக்குப் பள்ளி அமைகிறது. ஆகவே, இந்த ஒப்பீட்டைப் பெற்றோரைவிட அதிகாரிகளே மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். எந்தப் பள்ளியை மூடுவது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்பதெல்லாம் இதைக் கொண்டு முடிவாகலாம். 2001இல் மெக்டவல் பள்ளிகளின் நிர்வாகத்தை மாநில அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டது. உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்த கல்வி வாரியத்திற்கு அப்பொறுப்பு 2013இல்தான் திரும்பக் கிடைத்தது.