60,000 ரூபாய் ஆம்ப்ளிஃபயர்: உங்க காதுக்கா, கடைக்காரர் பில்லுக்கா?

சேலத்துல ஒரு ஆடியோ கடைக்குப் போறீங்க. 15,000 ரூபாய் ஆம்ப்ளிஃபயர்ல ஒரு பாட்டு போடுறாங்க. அடுத்து அதே பாட்டு, 60,000 ரூபாய் ஆம்ப்ளிஃபயர்ல. "அடேங்கப்பா, என்ன க்ளியர்!"னு தோணுது. "மாசத் தவணை இருக்குங்க"ன்னு கடைக்காரர் ஃபாரத்தை நீட்டுறார். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

1987-இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஒரு சோதனையை வெளியிட்டது. சுமார் 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் ஆம்ப்ளிஃபயர் வரை வைத்து, சத்த அளவைச் சமமாக்கி, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். முடிவு? பூவா தலையா போட்டுப் பார்த்த மாதிரிதான். பிறகு ரிச்சர்ட் கிளார்க் என்ற கார் ஆடியோ நிபுணர், சத்தம், டோன் இரண்டையும் சமமாக்கிய பிறகு 24 முறையும் சரியாகக் கண்டுபிடித்தால் 10,000 டாலர் பரிசு என்று சவால் விட்டார். அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

அப்போ கடையில் கேட்ட வித்தியாசம்? பெரும்பாலும் வால்யூம்தான். சத்தம் துளி கூடினாலே தரம் கூடின மாதிரி காதுக்குத் தோணும். விலையைப் பார்த்ததும் மனசும் அதோட சேர்ந்துக்கும். வாட்ஸ் கணக்கும் அப்படித்தான். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்.

எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒண்ணுன்னு சொல்லலை. பவர் பத்தாமல் சத்தம் உடைஞ்சாலோ, 'ஹம்' கேட்டாலோ, ஸ்பீக்கரின் ஓம்ஸுக்குப் பொருந்தாவிட்டாலோ வித்தியாசம் நிஜம்தான். ராசிபுரம், நாமக்கல் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு சவுண்ட் சர்வீஸ் பண்றவருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் தொழில் முதலீடு. 10-க்கு 12 அடி ஹாலுக்கு அது செலவு.

கடையிலேயே சோதிச்சுப் பாருங்க:

1. ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. டோன் பட்டன் எல்லாம் நடுவில்.
2. இரண்டிலும் சத்தம் சமமாக இருக்கட்டும். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைச் சரிபார்ப்பது நல்லது.
3. நீங்க திரும்பி நில்லுங்க. கூட வந்தவர் 10 முறை இஷ்டத்துக்கு மாத்தட்டும். 9 முறையாவது சரியாகச் சொன்னால் வாங்குறதைப் பத்தி யோசிங்க. 5, 6 என்றால் அது குருட்டு அதிர்ஷ்டம்.

மிச்சமாகும் 45,000-ல் கொஞ்சத்தை நல்ல ஸ்பீக்கருக்குப் போடுங்க, அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும். முழுசையும் வருஷத்துக்கு 7% கூட்டு வட்டியில் விட்டால், 10 வருஷத்தில் சுமார் 88,500 ரூபாய்.

காதை நம்புங்க, ஆனா கண்ணை மூடிட்டு நம்புங்க.